இடம் இருக்கிறது

காலை முழுக்க ஒரு புகார்கூட வரவில்லை.
லியெபாயாவில் நவம்பர் கடைசி.
கடல்காற்று மூன்றாம் மாடி ஜன்னலை
உலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.
குண்டேகா இரண்டாவது காபியை
அதிசயமாகச் சூடாகவே குடித்தாள்.
அறுநூற்றுப் பதினோரு வலைத்தளங்கள்,
ஒன்றும் முனகவில்லை.

பதினொன்றுக்குத் தொலைபேசி.
தேன் விற்கும் எவால்ட்ஸ்.
நேற்று ராத்திரியிலிருந்து ஆர்டர் இல்லை,
நான்கு மடல் போட்டேன், பதிலே இல்லை, என்ன செய்கிறாய் அங்கே?

நான்கு மடலா?
பெட்டியில் ஒன்றுமில்லை.
அப்போதுதான் உறைத்தது,
மடலும் அதே டிஸ்கில்தான் வந்து இறங்க வேண்டும்.
அமைதி என்று அவள் காபி குடித்தது
வாயில் துணி அடைத்த கூச்சல்.

உள்ளே போய்க் கேட்டாள்: இடம் இருக்கிறதா?
இருக்கிறது, பாதிக்கு மேல் காலி, என்றது சர்வர்.
சரி, ஒரு வெற்றுக் கோப்பு உருவாக்கு. பெயர் மட்டும் போதும்.
இடமில்லை, என்றது.

பொய் சொல்லத் தெரியாத ஒன்று
அடுத்தடுத்த வரியில் இப்படிச் சொன்னால்
கேட்ட கேள்வியில்தான் கோளாறு.

வேறு கேள்வி கேட்டாள்.
இன்னோடு எத்தனை மிச்சம்?
சுழியம்.

டிஸ்கைத் தயார் செய்த அன்றே
அச்சடித்து வைத்த டோக்கன்கள் அவை.
அறுபத்தைந்து லட்சம்.
கோப்பு யானையோ எறும்போ, தலைக்கு ஒன்று.
அச்சகத்தை அன்றே மூடியாயிற்று.
இனி,
இருக்கிற கோப்பு மலையாக வளரலாம்,
புதிதாக ஓர் எள் விழ முடியாது.

யார் வாங்கிப்போனது அத்தனையையும்?

ஒரு கோப்புறையைத் திறக்கச் சொன்னால்
சர்வர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது.
அதற்குள் சவ அடக்க நிலையம் கூப்பிட்டது.
பாடகர் குழுவின் செயலர் கூப்பிட்டு
டிக்கெட் விற்கவில்லை என்று அழுதேவிட்டார்.
கோப்புறை இன்னும் திறக்கவில்லை.

பாவிலோஸ்தாவில் ஒரு விருந்தினர் விடுதி.
ஆறு அறை, மூன்று மொழி, ஒரு நாட்காட்டி,
அதில் "அடுத்த நாள்" என்றொரு பொத்தான்.
எங்கிருந்தோ வந்த ஒரு ரோபோ
ஆறு வாரமாக அதை அழுத்திக்கொண்டிருக்கிறது.
நொடிக்கு இரண்டு தடவை.
ஒவ்வோர் அழுத்தலுக்கும் புது விருந்தாளி என்று
ஒரு துண்டுக் கோப்பு.
லாகின் கடைசி வரியில்
கி.பி. 2937, பிப்ரவரி பதினான்கு,
கடல் பார்த்த அறை காலி.

துண்டுகளைத் தினமும் கூட்டித் தள்ள
ஒரு கிரான் வேலை இருக்க வேண்டுமே.
இருந்தது.
வரியின் தலையில் ஒரு வேலிக்குறி.
பக்கத்தில் குறிப்பு:
"பேக்கப்போடு மோதுகிறது. இப்போதைக்கு நிறுத்தம். கு."

கு.
இந்த அலுவலகத்தில் வேறு கு யாருமில்லை.
ஜன்னலைப் பார்த்தாள் சற்று நேரம்.

ரோபோவுக்குக் கதவை அடைத்தாள்.
மொத்தமாக அழி என்றாள்.
பட்டியல் மிக நீளம் என்று மறுத்துவிட்டது.
சரி, ஒன்றொன்றாகத் தேடு, கண்ட இடத்தில் அழி.
இரண்டு மணி நேரம்
வராத விருந்தாளிகளை
நாள்வாரியாக வெளியேற்றினாள்.

முதல் லட்சம் போனதும்
வெளியே காத்துக் கிடந்த மடல்கள் திபுதிபுவென்று நுழைந்தன.
நூற்று நாற்பத்து மூன்று.
எவால்ட்ஸின் நான்கும் வரிசையாக:
மதிப்பிற்குரிய குண்டேகா அவர்களுக்கு.
அன்புள்ள குண்டேகா.
குண்டேகா.
நான்காவதில் வெறும் கேள்விக்குறி.

வேலிக்குறியை எடுத்தாள்.
நேரத்தை மாற்றினாள், பேக்கப் முடிந்தபின் நாலரை.
குறிப்பை மட்டும் அழிக்கவில்லை.

சாயங்காலம் விடுதிக்காரி ஸ்கைட்ரீட்டேயைக் கூப்பிட்டு
விஷயத்தைச் சொன்னாள்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு:
"முப்பதாம் நூற்றாண்டு வரைக்கும் பார்த்ததா?"
"ஆமாம்."
"ஒரு ராத்திரிக்காவது புக் செய்ததா?"
"இல்லை. பார்த்ததோடு சரி."
"கோடையிலும் அப்படித்தான்," என்றாள் ஸ்கைட்ரீட்டே.