பதினொரு விநாடி

ராத்திரி பத்தரை.
அவர்கள் ஊரில் மதியம் ஒரு மணி.
ஜாகிர் அம்மாபாளையத்தில் மூன்றாம் மாடி.
பஞ்சு பிய்ந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு
அமெரிக்காவைத் தட்டச்சு செய்கிறேன்,
நிமிடத்துக்கு இரண்டு ரூபாய் எழுபது பைசாவுக்கு.
இன்றைய கோப்பு ஏதோ ஒரு மாநிலத்துச் சட்டமன்றக் குழு:
கல்லூரியில் இடம் கொடுக்கையில்
இனத்தைப் பார்க்கலாமா, கூடாதா.

பேசுகிறவர் ஒன்று, பேசுகிறவர் இரண்டு.
பெயர் தெரியாவிட்டால் அப்படித்தான் போடவேண்டும்.
நிறத்துக்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஆனாலும் ஒரு மணி நேரம் கேட்டால் தெரிந்துவிடும்,
யார் வாக்கியத்தை யார் பாதியில் வெட்டுகிறார்கள் என்று.
வெட்டிய இடத்தில் இரட்டைக் கோடு போடுவது விதி.
பேசுகிறவர் நான்கின் பக்கமெல்லாம் கோடு.

பேசுகிறவர் இரண்டு ‘மெரிட்’ என்கிறார்,
முப்பத்தாறு தடவை.
ஏழாவது தடவையிலேயே
அதற்கு ஒரு ஷார்ட்கட் வைத்துவிட்டேன்.

அங்கே பிள்ளைகள் கட்டத்தைத் தாங்களே டிக் அடித்தார்களாம்.
நிறுத்தி, மறுபடி ஓட்டிக் கேட்டேன்.
தாங்களே.

எனக்கு ஆர்டிஓ வந்தார்.
நாகலூர் தாண்டி ஜீப் போகிறவரை போய்
அப்புறம் நடந்து
பிளாஸ்டிக் நாற்காலியில் மூச்சு வாங்கி
‘மலையாளின்னு போட்டிருக்கே, கேரளாவா?’ என்றார்.
அப்பா பின்னாலிருந்த மலையைக் காட்டினார்.
சாவுக்கு என்ன மேளம்,
தாலி யார் எடுத்துக் கொடுப்பது,
சேர்வராயனுக்கு என்றைக்குப் பொங்கல்?
அம்மா எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று சொன்னாள்.
அதனாலேயே அவருக்குச் சந்தேகம்.
பதினாறு மாதம்.

பக்கத்து சீட் கௌசிகனின் அண்ணன் அட்லாண்டாவில்.
‘அங்கேயும் இதே கூத்துதான்,
நம்ம பசங்க மார்க் எடுத்தும் இடமில்ல’ என்றான்
டீ குடிக்கும்போது.
அந்த ‘நம்ம’வில் நானும் உண்டா?
பிஸ்கட் நன்றாக நனைந்து உள்ளே விழுந்துவிட்டது.

அவன் தங்கை முக்கால் மார்க்கில் டாக்டர் ஆகவில்லை.
செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடையில்
பில் போடுகிறாள்.
ஒருநாள் குரோசின் வாங்கப் போனேன். சிரித்தாள்.
மிச்சம் ஒரு ரூபாய்க்கு ஹால்ஸ் கொடுத்தாள்.
என் கட் ஆஃப் என்னவென்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா,
தெரியாது.

இரண்டு மணி, பதினெட்டாவது நிமிடம்.
பேசுகிறவர் நான்கு:
‘உங்கள் தாத்தா படித்த கல்லூரி என்பதால்
உங்களுக்குக் கிடைத்ததே ஓர் இடம்,
அதற்கு என்ன பெயர் ஐயா?
அதையும் மெரிட் என்றே எழுதிக்கொள்ளட்டுமா?’

இந்த முறை யாரும் அவளை வெட்டவில்லை.
பதினொரு விநாடி.
யாரோ தண்ணீர் குடிக்கிறார்.
தாள் புரள்கிறது.
பிறகு தலைவர், பத்து நிமிடம் இடைவேளை என்கிறார்.

மௌனத்தை எழுதக்கூடாது. விதிப்புத்தகம், பக்கம் ஒன்பது.
நான் எழுதினேன்: பதிலில்லை.

நாலு மணிக்குத் திரும்பி வந்தது கோப்பு:
‘ஒலியில் இல்லாததைச் சேர்த்திருக்கிறீர்கள்.’
அரை மார்க் பிடித்தம்.
அப்படியும் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று.
கௌசிகனுக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு.
இங்கே எல்லோருக்கும் தொண்ணூற்றெட்டரை.
அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
‘அடிக்கடி வர்ற வார்த்தைக்கு ஷார்ட்கட் வெச்சுக்கோ’ என்றேன்.
வேறென்ன சொல்ல.

ஐந்தேகாலுக்குத் தம்பி வெள்ளையனிடமிருந்து வாட்ஸ்அப்.
ஒன்றாம் வகுப்பிலிருந்தே கீழே ஹாஸ்டலில் வளர்ந்தவன்.
பத்து மணிக்கு அவனுக்கு விசாரணை.
‘அக்கா, சாவுக்கு என்ன மேளம்? தாலி யாரு?
ஊர்ப்பெரியவருக்கு நம்ம பாஷையில என்ன பேரு?
சீக்கிரம், மனப்பாடம் பண்ணணும்.’

முதல் இரண்டுக்கும் அடித்து அனுப்பினேன்.
மூன்றாவது எனக்கும் சட்டென்று வரவில்லை.
அம்மா இருக்கும் இடத்தில்
ஆறு மணிக்கு மேல்தான் டவர் கிடைக்கும்.