இறுதித் தவணை

மூன்று பலகையை முக்கோணமாய்ச் சேர்த்துக்
கம்பியால் இறுக்கினால் ஒரு புகைபோக்கி.
அடியில் கசக்கிய பழைய பத்திரிகை.
சீமெந்துக் கல்லில் நிமிர்த்தி வைத்துவிட்டு
சவாஹிர் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினான்.
"நீங்களே வைங்க அக்கா.
வீட்டுப் பலகைக்கு எண்ட கையால
நெருப்பு வைக்க ஏலா."

வைத்தேன்.

ஒரு நிமிடம் ஒன்றுமில்லை.
வெளியே மரம் மரமாகத்தான் நின்றது.
பிறகு உள்ளே ஏதோ மூச்சிழுத்தது,
தூரத்தில் கப்பலொன்று
துறைமுகத்துக்குள் திரும்பும் சத்தம்.
உச்சியில் நாக்கு வந்தது.

யப்பானில் இதற்கென்றே ஒரு மரம் உண்டாம்.
எனக்குக் கிடைத்தது மலைவேம்பு,
கந்தளாயிலிருந்து லொறியில், ஈரம் காயாமல்.
கரியைக் கறையான் தின்னாது என்று படித்திருந்தேன்.
உப்புக் காற்றுக்கு அதில் பிடி இல்லை என்றும்.
இரண்டு வருடத்தில் மூன்று தரம் பெயின்ட் அடித்தவளுக்கு
அது போதும்.

புகையைக் கண்டு
பக்கத்து வளவுப் பிலோமினா
வேலிக் கிடுகைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தாள்,
இரண்டு கையிலும் வாளி.
ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஊற்றினாள்.
சவாஹிர் கைத்தொலைபேசியைப் பார்த்தான்:
மூன்றரை நிமிடம்.
"சரியான கணக்கு" என்றான்.
மறுநாள் விடியவே வந்து நின்றாள்.
"இண்டைக்கு எத்தினை?"

நூற்றுப் பன்னிரண்டு பலகை.
கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க
வைரத்தின் வரிகள் மேலே வந்தன.
தேய்க்காமல் விட்டவற்றில்
களப்பு முதலையின் முதுகு.
ஆளிவிதை எண்ணெய் என்று போட்டிருந்த இடத்தில்
நாங்கள் இலுப்பெண்ணெய் ஊற்றினோம்.
ஒரு கிழமை
வீடு முழுக்கக் கோயில் மணம்.

ஊரின் பெயர் சாம்பல்தீவு.
அதை வைத்து எல்லோரும் பகிடி விட்டு முடித்த பிறகு
வங்கியிலிருந்து ஆள் வந்தார்.

கடல் பக்கச் சுவரின் முன்னால்
தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றார்.
"எப்ப நடந்தது?"
நடக்கவில்லை, நானே செய்தேன் என்றேன்.
"நீங்களே எரிச்சிருக்கிறீங்க."
ஓம்.
"கடன் முடிய முதலே."

தொண்ணூறில் எரிந்த எங்கள் வீட்டுக்கு
அப்பா ஏழு படிவம் நிரப்பினார்.
எரிந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள்.
படம் இருந்ததா? இருந்தது,
அலுமாரிக்குள். அலுமாரி வீட்டுக்குள்.
"பகுதிச் சேதம்" என்று எழுதி
கூரைத் தகடு பதினெட்டுக்குக் காசு தந்தார்கள்.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
"தொட்டுப் பாருங்க" என்றேன்.
ஒற்றை விரலால் இழுத்தார், விரலைப் பார்த்தார்.
கரி இல்லை.
மற்ற விரலாலும் இழுத்தார்.
வெள்ளைச் சட்டைக் கைநுனியைக்கூட
ஒருமுறை உரசிப் பார்த்தார், பாவம்.
படிவத்தில் இரண்டே கட்டம்:
சேதம் உண்டு. சேதம் இல்லை.
பேனை இரண்டாவதை நோக்கி
மெல்ல நகரத் தொடங்கியது.

அந்நேரம் பார்த்து வேலிக்கு மேலால்
பிலோமினாவின் தலை.
"ஐயா, எழுதிக்கொள்ளுங்கோ,
இந்த வீட்டை அணைச்சது நான்தான்.
ஒவ்வொரு நாளும்!"