நாலு புள்ளி ஒண்ணு

பவானி தாண்டி அந்தப் பங்கில் இரண்டு குழாய்.
ஒன்றில் டீசல்.
மற்றதிலும் டீசல்தான், பெயர் மட்டும் நீளம்,
லிட்டருக்கு நாலு ரூபாய் கூட.

பம்ப் கழற்றும் மாரப்பன்தான் ஆரம்பித்து வைத்தான்:
"இஞ்சினுக்கும் நாக்கு உண்டுங், அர்த்தநாரிண்ணா."
அன்றிலிருந்து
எங்களுக்கு ரேஷன் அரிசி,
வண்டிக்குப் பொன்னி.

கணக்கு எழுதுவது நான்.
சங்ககிரியில் ஒற்றை லாரி வைத்திருக்கும் வீடு.
நோட்டில் மாதாமாதம் பத்தாம் தேதி மட்டும்
சிவப்பு மை.

ஆடியில் சாதா டீசல்: லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்.
புரட்டாசியில் உசத்தி: நாலு புள்ளி ஒண்ணு.
"பாத்தியா புள்ள!"
அந்தப் புள்ளி ஒண்ணை
பந்தயத்தில் ஜெயித்த கோப்பை மாதிரி
கூடத்தில் தூக்கிக் காட்டினார்.

நான் பெருக்கினேன். வகுத்தேன்.
டேங்க் முந்நூற்றைம்பது லிட்டர்,
ஓட்டம் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர்,
மிச்சமானது எட்டரை லிட்டர்.
கூடக் கொடுத்த காசில் அதைக் கழித்தால்
கைநட்டம் ஐந்நூற்று எண்பது.
"நாலு புள்ளி ஒண்ணு ஏழு வந்தாத்தானுங் கட்டும்."
சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதோடு,
ஆடியில் காற்று யார் கட்சி?
பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்தால்
மதுக்கரையிலேயே நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.
சிமெண்ட் ஏற்றிய பத்துச் சக்கரம்
வாளையாறு வருமுன் இரண்டு கியர் இறங்கும்.
புரட்டாசியில் அந்தக் காற்று கிடையாது.
நாங்கள் அளந்தது எண்ணெயையா, மாசத்தையா?

ஐப்பசியில் நானும் ஏறினேன்.
திருச்சூர் லோடு. குருவாயூர் கும்பிடணும் என்று சொல்லிக்கொண்டேன்.
பங்கில் இவர் இரும்புக் கம்பியோடு
பின் டயர்களைத் தட்டிப் பார்க்கப் போன நேரம்
குழாய் பிடித்த பையனிடம் சொன்னேன்:
"சாதாவே போடு கண்ணு."
பணம் என் போனிலிருந்து.
பில்லை நாலாய் மடித்துப் பர்சுக்குள் வைத்தேன்.

அப்புறம் வழி முழுக்க
இவருடைய வலது பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
புதுச் செருப்பில் சேறு படாமல் நடப்பவர் மாதிரி
அவ்வளவு பதனமாய் மிதித்தார்.
சிக்னல் சிவப்பென்றால் தூரத்திலேயே காலை எடுத்து
வண்டியைத் தன் பாட்டுக்கு உருளவிட்டார்.
அவினாசி தாண்டி ஒரு பஸ் ஆரனை அழுத்தி முந்திப் போனது.
போகட்டும் என்று விட்டார்.
நான் கல்யாணமாகி வந்த நாளாய்
இவர் ஒரு பஸ்ஸை விட்டதில்லை.

"சத்தத்தைக் கேளு, பட்டுத்துணி கிழிக்கற மாதிரி இல்ல?"
"ஆமாங்."
எனக்குக் கேட்டது எப்போதும் கேட்கிற சத்தம்தான்.

மூன்று நடை முடித்து டேங்க் வற்றியபோது கணக்குப் பார்த்தேன்.
நாலு புள்ளி ஒண்ணு.
சாதா டீசலில்.
ஆக, மைலேஜ் குழாயில் இல்லை, காலில் இருக்கிறது.
உசத்தி என்று நம்பினால் கால் லேசாகிறது.
அந்த நம்பிக்கையின் விலை ஆயிரத்து நானூறு ரூபாய்,
அதை மிச்சம் பிடித்துவிட்டேன் என்று
எனக்குள் ஒரு கெட்டிக்காரச் சிரிப்பு.
ஆனால் நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பத்து நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்:
"பின்டயர் ஒண்ணு ரீட்ரெட் போடோணும்.
அந்த ஆயிரத்து நானூறு இருக்குதா, துளசி?"

"எந்த ஆயிரத்து நானூறுங்?"

"மூடியத் தொறந்தா வாசம் தெரியாதா எனக்கு?"

ரசம் ஊற்றிய கரண்டி பாதியில் நின்றது.
"அப்ப ஏனுங் அவ்வளவு மெல்ல ஓட்டுனீங்க?"

"மொத நடையில நீ பக்கத்துல உக்காந்திருந்தியே," என்றார்.
"அப்பறம் அதே பழகிப் போச்சு."

எண்ணெயும் இல்லை, காற்றும் இல்லை,
கணக்குப் பார்க்கப் போன நானே
கணக்கில் விழுந்த பிழை.
ஐப்பசிக் கட்டத்தில் 4.1 என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.
கார்த்திகைக்கு எந்தக் குழாய் என்பது
இன்னும் முடிவாகவில்லை.
பத்தாம் தேதிக்கு நாலு நாள் இருக்கிறது.