ஜன்னலோரத்தில் மறந்த சீசா

ஜூன் இருபத்தொன்று.
இரவு என்று கடிகாரம்தான் சொல்கிறது.
ஹூர்னாவான் ஏரியில் கால் நனைத்த சூரியன்
படுக்கப் போகாமல் நிற்கிறது.

மூன்றாம் கட்டிலில் யோர்டிஸ்.
குளிர்காலம் முழுக்க உறைந்த ஏரிமேல்
கார் கம்பெனிகளுக்காகப் பிரேக் மிதித்துப் பார்க்கிறவள்,
சறுக்கலுக்கு அஞ்சாதவள்.
இன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு
சுவர் பக்கம் சுருண்டிருக்கிறாள்.

அமுக்கினால் வயிறு மெத்தென்றிருக்கிறது.
படத்தில் கல் இல்லை, கட்டி இல்லை.
நாடி மட்டும் நூற்றிருபது.
குடல்வாலை எப்போதோ எடுத்தாயிற்று;
எடுத்த குடல்வால் நன்றாகத்தான் இருந்தது என்று
ஃபைலில் ஒரு வரி, இரண்டு வருடம் பழசு.
டாக்டர் பேனாவை மூடித் திறந்து மூடி,
"மனசு சம்பந்தப்பட்டதோ" என்றார்.
அவள் திரும்பவே இல்லை.
பழகிய சொல் போலும்.

நான் பரிசோதனைக்கூடத்து இரவுக்காரி.
அவள் சிறுநீர்ச் சீசாவை ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
குளிர்ப்பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.
போன் அடித்தது, யாருக்கோ ரத்த வகை அவசரம்,
பிறகு காபி, பிறகு இன்னொரு காபி.

இரண்டரை மணி நேர வெயிலுக்குப் பிறகு வந்தால்
வெளிறிய தேநீராய் விட்டுப்போனது
பீட்ரூட் வெந்த தண்ணீராய் நிற்கிறது.
யாரோ மாற்றிவிட்டார்கள் என்று
பெயர்ச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
அவளேதான்.

ரத்தத்தின் சிவப்பைச் செய்ய
உள்ளே எட்டுப் பேர் வரிசை,
தீப்பிடித்த வீட்டுக்கு வாளி கைமாற்றுவதுபோல.
அவளுக்கு மூன்றாமவன் பாதி வேகக்காரன்.
சும்மா இருக்கும் நாளில் அதுவே போதும்.
தங்கை கல்யாணத்துக்கு எடுத்த கவுனுக்குள் நுழைய
ஒன்பது நாள் பட்டினி கிடந்தாளே,
பசித்த ஈரல் முதல் ஆளை விரட்டியது:
ஊற்று, இன்னும் ஊற்று!
மூன்றாமவன் காலடியில் வாளிகள் குவிந்தன,
குவிந்தது வழிந்தது,
வழிந்த இடமெல்லாம் நரம்பு கதறியது.
கத்தி வைத்துத் திறந்து பார்த்தால்
அகப்படாத வலி அது.

மிச்சம் நிறமில்லாமல் சீசாவுக்கு வந்து
வெயில் பட்டதும்
நான்கு நான்காய்க் கைகோத்துச் சிவந்தது.
போர்ஃபிரின்.
கிரேக்கன் ஊதாவுக்கு வைத்த பெயர்.

நிறம் மட்டும் சாட்சி சொன்னால் போதாது,
பீட்ரூட் தின்றவனும் சிவப்பாய்ப் போவான்.
புதுச் சீசா, இந்த முறை அலுமினியத் தாள் சுற்றி.
அலமாரிக் கடைசியில்
காலாவதிக்கு ஒரு மாதமிருந்த கரைசலை விட்டேன்.
செர்ரி நிறம்.
பியூட்டனால் ஊற்றிக் குலுக்கினேன்;
சிவப்பு மேலே ஏறவில்லை,
கீழேயே பிடிவாதமாய்த் தங்கியது.
டாக்டரை எழுப்பினேன்.

சர்க்கரைத் தண்ணீர் சொட்டச் சொட்ட
அவள் விரல்கள் வயிற்றை விட்டன.
முதல் ஆளிடம் "நிறுத்து" என்று சொல்லும் மருந்து
விமானத்தில் வந்துகொண்டிருந்தது.

சீசாவைப் பார்க்க வேண்டும் என்றாள்.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு
அப்பாவின் அக்கா தூரா பற்றிச் சொன்னாள்.
கத்தினால் தூக்க மருந்து கொடுத்தார்களாம்,
கொடுக்கக் கொடுக்க இன்னும் கத்தினாளாம்.
பிதேயோ மனநல விடுதியில் முடிந்துபோனாள்.

அந்த மருந்தே இந்த நோய்க்கு நெய் என்பதை
நான் சொல்லவில்லை.

"அவள் சீசாவை யாரும்
ஜன்னலில் வைக்கவில்லையா?" என்றாள்.
பிறகு தானே சொன்னாள்:
"ஜனவரியில் கொண்டுபோனார்கள்.
அப்போது இங்கே வெளிச்சம் ஏது?"

தங்கைக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றேன்.
கல்யாணத்துக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டாள்.

ஏழு மணிக்குத் தவறு அறிக்கை எழுதினேன்:
மாதிரி குளிர்ப்பெட்டியில் வைக்கப்படவில்லை.
காரணம், பணியாளரின் மறதி.
இனி நேராமல் தடுக்க என்ன செய்வீர்கள்
என்ற கட்டத்தை மட்டும்
காலியாக விட்டுவிட்டு
வீட்டுக்குப் போனேன்.