விகுதி

வரிக்கு ஒன்றேகால் ரூபாய்.
மூவாயிரத்துச் சொச்சம் வரி.
அனுப்பியவர்களின் மொழியில் கெல்வன் வந்தாலும்
அவனுக்குப் பதில் ஒருத்தி வந்தாலும்
வினைச்சொல் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.
இங்கே, மஞ்சக்குப்பத்து மாடி அறையில்,
ஒவ்வொரு வினையின் வாலிலும்
ஒரு ன் உட்கார்ந்திருக்கிறது.
வந்தான். வெட்டினான். மூச்சு வாங்கினான்.
மூன்று பாகம் அப்படித்தான் போனது.

நான்காம் பாகத்தில்
ஆணா பெண்ணா என்று ஆடுகிறவரே தேர்ந்துகொள்ளலாமாம்.
எக்செல் தாளில் வரிக்கு இரண்டு கட்டம்.
கூலி ஒன்றுதான்.

பெயரிலேயே ஒரு ன் வைத்திருக்கிறான்.
அவர்களுக்கு அது வெறும் ஓசை.
எனக்கு, செல்வன் என்று எழுதப்போய்
கை தவறிய மாதிரி.

'எல்லாவற்றையும் ர் ஆக்கிவிடுங்களேன், வேலை மிச்சம்'
என்றார் ஒருங்கிணைப்பாளர்.
ஆக்கிப் பார்த்தேன்.
பாலத்தின் மேல் நின்று அரக்கன் உறுமுகிறான்:
'அவரைப் பிடித்துக் கொல்லுங்கள்.'
கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வந்தவன் போலிருந்தது.
அழித்துவிட்டேன்.

முதுநகர் ஐஸ் கம்பெனியிலிருந்து
தனவேந்தன் போன் செய்தான்.
'அவனை மாத்தவேணாம்னு எழுதிப் போடு.
ரெண்டாம் பாகத்துல மகளைப் பொதைச்சுட்டு
மழையில உக்காந்து அழுவான் பாரு,
ஆம்பளை அழுது நான் பாத்தது அதான் மொதல்ல.
எங்கப்பா செத்தன்னிக்கு எங்க பெரியப்பா
துண்டால வாயை அமுக்கிக்கிட்டு நின்னாரு.
அவனைப் பொம்பளையா ஆக்கிட்டா
அழுவுற அம்மா இன்னொருத்தி.
ஊர்ல இல்லாததா?'

ரோஸ்லின், பெரிய ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து
பாரதி ரோட்டு டீக்கடையில் நின்றுகொண்டு:
'அழுவுறதுக்குத்தான் நான் இருக்கேனே.
எனக்கு அந்தக் கோடாரி வேணும்.'
பன்னை டீயில் முக்கினாள்.
'பதினாலு வருஷமா மீசை வச்சுக்கிட்டு ஆடுறேன்.
அரிக்குது.'

இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது.
இரண்டு பேரிடமும் தலையாட்டித் தொலைத்தேன்.

தானே புயலுக்கு அப்புறம் தெருவில் கரண்ட் இல்லை.
பக்கீர் அண்ணன் ஜெனரேட்டர் வைத்து
ப்ரௌசிங் சென்டரைத் திறந்தார், மணிக்கு நாற்பது.
அங்கேதான் முதல் பாகம்.
ஏழு பையன்கள், ரோஸ்லின், நான்.
ஆற்றில் தவறி விழுந்தால்
'கெல்வன் செத்துட்டான்' என்று ஒருத்தரும் சொன்னதில்லை.
'செத்துட்டேன்.
நான் செத்துட்டேன், நீ போ.'
அந்த ஏனுக்கு மீசையும் இல்லை
பின்னலும் இல்லை.
அன்றைக்கு அது காதில் விழவில்லை.
விகுதிக்கு இத்தனை பைசா என்று
எண்ணி வாங்கும்போதுதான் விழுகிறது.

நேற்று ராத்திரி சோதனைப் பதிப்பு வந்தது.
திரையில் இரண்டு பேர்
தோளை ஏற்றி இறக்கி மூச்சு விட்டபடி நிற்கிறார்கள்.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பியது,
ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து
வலப்பக்கத்தவளை அழுத்தினேன்.
யாரோ புதுசு என்றிருந்தேன்.
நடந்தாள்.
இடது காலைக் கொஞ்சம் தாமதித்து வைத்தாள்.
முதல் பாகத்தில் மணிக்கூண்டிலிருந்து குதித்து
ஒடித்துக்கொண்ட கால்.
அதை மட்டும் தேர்ந்துகொள்ளச் சொல்லவில்லை.

இருந்தாலும்,
எதிர்வீட்டு ஆள் சொல்லாமல் காலிசெய்து போனால்
கேட்டைப் பார்த்து நிற்போமே, அதுவும் இருந்தது.
பொய் எதற்கு.

ஒன்பது மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.
வரி 2117. இருட்டில் படகோட்டி கேட்கிறான், 'யாரது?'
'நான்தான்.'
இரண்டு கட்டத்திலும் அதே சொல். பிரச்சினையில்லை.
வரி 2118. பழைய சிநேகிதன், சிரித்துக்கொண்டே:
'ஏறுடா.'
இரண்டாவது கட்டத்தில் டி போட்டேன்.
படகோட்டி சட்டென்று புருஷன் ஆகிவிட்டான்.
'ஏறுங்க' என்றால் டிக்கெட் கேட்பான் போலிருக்கிறது.
ரோஸ்லினை நான் கூப்பிடுவது எப்படி என்று யோசித்தேன்.
'என்னடா, சாப்டியா?'
இரண்டிலும் 'ஏறுடா' என்றே போட்டேன்.
பிழை என்று சிவப்படித்துத் திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும்.