கணுவுக்கு இடம்

பிப்ரவரிப் புயல் முறித்த கிளையைக்
கல்லறைத் தோட்டத்து மதிலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள்.
யூ மரம். ஆகாத புகை.
கன்று தின்றால் செத்துப்போகும்.
"விறகுக்கும் லாயக்கில்லை,
வேண்டுமானால் எடுத்துப் போ" என்றாள்
தேவாலயச் சாவி வைத்திருக்கும் க்ளெனிஸ் ப்ராஸர்.

லெட்பரி போகும் கடைசிப் பேருந்து.
ஓட்டுநர் நான். பயணி அது.
இருக்கைகளுக்கு நடுவே ஏழடி நீளம்,
ஒவ்வொரு திருப்பத்திலும் உருண்டு உருண்டு
நேராகப் படுக்கத் தெரியாமல்.

முனைகளில் மெழுகு பூசி
இரண்டு வருஷம் கட்டிலுக்கடியில் காய்ந்தது.
அதற்குள் மணவிலக்கு வந்தது.
கரண்டிவரை எழுதிப் பிரித்த சாமான்களில்
அது எவர் பட்டியலிலும் இல்லை.

ஆப்பு வைத்துப் பிளந்தேன். இரண்டு பாதி.

முதல் பாதியில் நூல் பிடித்து
நேர்கோடு போட்டேன்.
கோட்டுக்கு வெளியே போன நாரையெல்லாம் அறுத்தேன்.
தோலுக்குக் கீழே விரற்கடை வெளிறு,
பால் நிறம், பார்க்க நோஞ்சானாய்.
அதையும் சீவி எறிந்தேன்.
மிச்சம் முழுக்க வைரம்.
செம்பு மாதிரி மின்னியது.

இருபதாவது இழுப்பில் வெடித்தது.
புருவத்தில் நான்கு தையல்.
தையல் போட்ட நர்ஸிடம்
கதவு இடித்தது என்றேன்.

பிறகுதான் புரிந்தது:
வெளிறு எதிரியின் பக்கம் நிற்க வேண்டும்.
இழுபடத் தெரிந்தது அதற்குத்தான்.
வைரம் என் பக்கம், நசுங்கிவிட்டு மீளும்.
தமிழில் வைரம் என்றால் பகையும்தான்.
அதை மட்டும் வைத்து
எதையும் வளைக்க முடியாது.

இரண்டாம் பாதிக்குப் பென்சில் இல்லை.
எட்டுக் கணு, ஒரு முறுக்கு,
நடுவுக்குச் சற்று மேலே
பாம்பு மனம் மாறித் திரும்பிய மாதிரி ஒரு நெளிவு.
நார் போன வழியே கத்தி போயிற்று.
கணு வந்தால் கத்தியைத் தூக்கிவிடுவேன்.
சுற்றிலும் ஒரு பருமன் விடுவேன்,
மரு மாதிரி. அழகில்லைதான்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்து சுரண்டுவேன்.
பக்கத்து வீட்டு டெரெக் பியூ சுவரைத் தட்டினார்.
காலையில் "எலியா?" என்றார்.
"வில்" என்றேன்.
மாலையில் ஒரு எலிப்பொறி வாங்கித் தந்தார்.

சுவரில் கட்டை அடித்து, கப்பியில் கயிறு விட்டு
இழுத்துத் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.
கீழ்க்கை பிறையாய் வளைகிறது.
மேற்கை அடம் பிடிக்கிறது.
அடம் பிடிக்கும் இடத்தில்தான் சீவல்.
வளைகிற இடத்தைத் தொடவே கூடாது.
வளைகிறவனிடமே மேலும் மேலும் கறப்பது
எங்கள் டிப்போ வழக்கம்.
இங்கே அது செல்லாது.

முப்பது இழுப்பு. பத்துச் சீவல்.
மறுபடி முப்பது.
ஏப்ரல் போய் ஜூன் வந்தது.

திருச்சிப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்க வாங்கிய
கொக்கித் தராசில் மாட்டி இழுத்தேன்.
பத்தொன்பது கிலோ.
விமானத்தில் விடுவதைவிட நாலு குறைவு.

நாண் ஏற்றினேன்.
முனை, கைப்பிடி, முனை
மூன்றின் மேலும் நாண் ஒழுங்காகப் போகிறது.
இடையில் மரம்
வலப்பக்கம் ஏதோ வாங்கப் போய்
இடப்பக்கமாய்த் திரும்பி வருகிறது.

ஆப்பிள் தோட்டத்து வைக்கோல் பொதியில்
ஆறு அம்பு விட்டேன்.
ஆறும் ஒரு சாண் இடது.

க்ளெனிஸ் வேலியைத் தாண்டி வந்தாள்.
"இதை நீ நிமிர்த்தவே இல்லையே" என்றாள்.
கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.
பெரிய கணுவில் கட்டைவிரல் நின்றது.
"இங்கே ஒரு கொம்பு இருந்தது.
காற்றடித்தால் அங்கி அறை ஜன்னலில் உரசும்.
ஞாயிறு வகுப்பில் பேய் என்று அழுதேன்.
என்னால்தான் வெட்டினார்கள்."

விரலை எடுக்கவில்லை.
நான் அம்பை நீட்டினேன்.

அவள் இழுத்தாள். பாதி தூரம்.
கணுவுக்குள் ஏதோ
க்ரக் என்றது.

இருவரும் மூச்சை நிறுத்திக் கேட்டோம்.
தோட்டத்தில் எங்கோ ஒரு காய் விழுந்தது.

"இழுங்கள்" என்றேன்.