தரவு இல்லை

சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, ஆற்றின் வளைவில்
பெயர்ப்பலகை இல்லாத மண்டபம்.
இருபத்தெட்டுத் தூண். மூன்று சாய்ந்திருக்கின்றன.
எவ்வளவு சாய்ந்தன என்று சொல்லத்தான் நாங்கள்.

முக்காலியின் மேல் கருவி சுற்றுகிறது.
நொடிக்குப் பத்து லட்சம் முறை
கல்லைத் தொட்டுத் திரும்புகிறது ஒளி,
கல்லுக்குத் தெரியாமல்.

திரையில் ஏறிக்கொண்டே வருகிறது:
உத்திரத்து விரிசல்,
ஆணியால் கீறிய செல்லத்துரை – பேச்சி,
வௌவால் எச்சம், யாளியின் உடைந்த பல்,
யாரோ துண்டு காயப்போட்ட கொடிக்கயிறு,
நடுவில் புகுந்த வெள்ளாடு, ஏழு கால்களோடு.
நகர்ந்தால் அப்படித்தான்.
ஆறுதான் ஏய்த்தது. தண்ணீருக்கு அடியில்
தலைகீழாய் இன்னொரு மண்டபம் கட்டிக் கொடுத்தது.
அழித்தேன். ஆட்டையும் அழித்தேன்.

பதினேழாம் தூணில் ஒரு நிறைசூலி,
இடுப்பில் கைகொடுத்துச் சாய்ந்து நிற்பவள்.
கண்ணிமை வந்தது. கால்மெட்டி வந்தது.
வலியில் மடங்கிய கட்டைவிரல்கூட வந்தது.
வயிறு வரவில்லை.

மூன்று முறை எடுத்தோம்,
கிட்டப்போய், சாய்த்துவைத்து, வெயில் தாழ்ந்த பிறகும்.
வயிறு இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை.

எண்ணெய்.
மாசமானவர்கள் வந்து தடவித் தடவி
எத்தனை காலத்து விளக்கெண்ணெயோ.
அந்தக் கறுப்பு மினுமினுப்பு
வாங்கிய ஒளியைத் திருப்பித் தருவதில்லை.

"தொடச்சிருவமா மேடம்?" என்றான்
முக்காலி தூக்கும் மைதீன் பிச்சை.
துடைக்கக் கூடாது; ஒப்பந்தத்தில் மூன்றாம் பக்கம்.
சென்னையிலிருந்து போனில் சொன்னார்கள்:
"துளை நிரப்புறதுக்கு ஒரு பட்டன் இருக்குல்ல?"
இருக்கிறது. அழுத்தினேன்.
சுற்றியிருந்த புள்ளிகளைச் சராசரி போட்டுத்
தட்டையாக மூடியது.
இடுப்பில் கைவைத்துச் சும்மா நின்றாள்,
பஸ் வராத எரிச்சலில் நிற்பவள் மாதிரி.
ஓட்டையே இருக்கட்டும் என்று திரும்ப வைத்தேன்.

"அளவுதான மேடம் வேணும்?"
மைதீன் பிச்சை வலக்கையை விரித்து வைத்தான்,
விலாவிலிருந்து தொப்புளைத் தாண்டி.
ஒரு சாண், நாலு விரல்.
குறிப்பில் எழுதிக்கொண்டேன்.
துல்லியம் இரண்டு மில்லிமீட்டர் என்ற வரிக்குக் கீழே
கோணலாக உட்கார்ந்தது அது.

இருட்டுகிற நேரம் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றினோம்.
வீட்டில் ஏழாம் மாதம் என்று
சேர்ந்த அன்றே லீவு சொல்லிவைத்தவன் அவன்.
கை துடைக்கத் துணி நீட்டினேன்.
"இருக்கட்டும் மேடம்."

பத்தமடை போனது, முன்னீர்பள்ளம் போனது.
உள்ளங்கையை மடியில் மலர்த்தி வைத்தபடி
எதிலும் படாமல் வந்தான்.
மேலப்பாளையத்தில்
இடக்கையால் கதவைத் திறந்து இறங்கினான்.